நிற்கவும் தெரிய வேண்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை இந்தியாவின் இரண்டு பெருவழிகள் ஒன்றாகவே ஓடுகின்றன. ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரிக்கு வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்று. டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னைக்குப் போகும் 48ஆம் எண் நெடுஞ்சாலை மற்றொன்று. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் செய்த இரும்புப் பாகங்கள், கிருஷ்ணகிரி மாங்கூழ், கிரானைட் பாளங்கள், விமான நிலையத்துக்கு விரையும் தளிப் பக்கத்து ரோஜாக்கள் எல்லாம் இந்தச் சாலையில்தான் போக வேண்டும். ஓசூரில் லாரி செய்யும் ஆலையொன்றில் பிரேக் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வண்டியை ஓட வைப்பதைப் பற்றிப் பேச எங்கள் ஆலையில் நிறையப் பேர் இருந்தார்கள். அதை நிற்க வைப்பது எங்கள் பிரிவின் கவலை. அந்தக் கவலை ஓய்வுக்குப் பிறகும் என்னை விடவில்லை.

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்கு முன்பு ஓசூரை அடுத்த மாநில எல்லையில் ஜூஜூவாடி எப்படி இருந்தது என்று இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வணிகவரிச் செக்போஸ்டில் காகிதங்களைக் காட்டி முத்திரை வாங்குவதற்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியிலும் அதே நிலைதான். முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்தால் கிளீனர் குரல் கொடுப்பார், அதுவரை டிரைவர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவார். சிலர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சாவடிகள் போயின. பிறகு ஃபாஸ்டேக் வந்து டோல்கேட்டில் நிற்கும் நேரமும் சுருங்கியது. சரக்கு சீக்கிரம் போகிறது, டீசல் மிச்சமாகிறது, கையூட்டுக்கு இடம் குறைந்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் அந்த வரிசையில் தூங்கிய டிரைவர் இப்போது எங்கே தூங்குகிறார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மிச்சமான நேரமெல்லாம் அடுத்த லோடுக்குப் போய்விட்டது.

மகள் குடும்பம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை எங்களைக் காரில் இத்தாலி வரை அழைத்துப் போனார். ஆஸ்திரியாவைக் கடந்து பிரென்னர் கணவாய் வழியே இறங்கும் பாதை அது. நம் 44ஆம் எண் சாலையைப் போல ஐரோப்பாவுக்கும் ஒரு முதுகெலும்புச் சாலை உண்டு. ஈ45 என்று பெயர். வடக்கே நார்வேயில் தொடங்கித் தெற்கே சிசிலித் தீவு வரை போகிறது. பிரென்னரைக் கடப்பதும் அந்தச் சாலைதான்.

மாப்பிள்ளை நாட்டுக்கு நாடு தன் ஓட்டத்தை மாற்றிக்கொண்டதைப் பின்னிருக்கையிலிருந்து கவனித்தேன். ஜெர்மன் ஆட்டோபானில் பல பகுதிகளில் கார்களுக்கு வேக வரம்பு கிடையாது, 130 கிலோமீட்டர் என்று பரிந்துரை மட்டும் உண்டு. ஆஸ்திரியாவில் அந்த 130 சட்டமாகிவிடுகிறது. அங்கே நெடுஞ்சாலையில் ஏற முன்கூட்டியே கட்டண வில்லை வாங்கியிருக்க வேண்டும். பிரென்னர் மலைப்பாதைக்கு அதுவும் போதாது, தனிக் கட்டணம் உண்டு. இத்தாலியில் மழை பெய்தால் 130 என்பது 110 ஆகக் குறைகிறது. குளிர்காலத்தில் பனிக்கான டயர் இல்லாமல் ஆஸ்திரியாவின் பனிச்சாலையில் போனால் அபராதம். ஆஸ்திரியாவுக்குள் நுழையும்போது எங்களை யாரும் நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லையில் போலீசார் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தடுப்புக் கம்பி இல்லாத இடத்திலும் அந்த மனிதர்கள் எல்லையை மதிக்கிறார்கள். ஒரு பலகையைத் தாண்டியதும் மாப்பிள்ளையின் கால் தானாக ஆக்சிலரேட்டரில் தளர்ந்தது. அத்திப்பள்ளி வளைவைத் தாண்டும்போது நம்மில் எத்தனை பேருக்குக் கால் தளர்கிறது?

கார்களைவிட லாரிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை கனரக லாரிகள் ஓடக்கூடாது. சில சரக்குகளுக்கு மட்டும் விலக்கு. நாங்கள் புறப்பட்டது ஒரு ஞாயிறு. சாலையோர நிறுத்துமிடங்கள் லாரிகளால் நிரம்பியிருந்தன. போலந்து, ருமேனியா, லிதுவேனியா என்று கிழக்கு நாடுகளின் பதிவெண்கள். டிரைவர்கள் வண்டி நிழலில் சின்ன அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார். சூளகிரிப் பக்கம் லாரி ஓரத்தில் ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு கொதிக்க விடும் நம்மூர் டிரைவர்களின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் வாழ்க்கையும் சுகமானதல்ல. குடும்பத்தைப் பிரிந்து வாரக்கணக்கில் திரிகிறார்கள், இரவில் நிறுத்த இடம் தேடி அலைகிறார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் தூங்குவதற்குச் சட்டம் காவல் நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இது: நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம் வரை போகலாம். வண்டியில் பொருத்திய டேக்கோகிராஃப் கருவி இவை எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே வரும். போலீஸ் நிறுத்தினால் அந்தப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். “மாமா, இங்கே டிரைவரைப் பார்த்து ஓனர் இன்னும் கொஞ்சம் ஓட்டு என்று சொல்ல முடியாது. கருவி காட்டிக் கொடுத்துவிடும்” என்றார் மாப்பிள்ளை.

இந்த விதிகள் அடங்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. கடந்த தூரத்தையும் ஏற்றிய சரக்கையும் கணக்கிட்டு டிரைவருக்கு ஊக்கத்தொகை தருவது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால், அப்படித் தரக்கூடாது. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. நம்மூரில் என்ன நடக்கிறது? டிரிப்புக்கு இவ்வளவு படி, சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். வழியில் நின்று தூங்குகிற டிரைவருக்கு நஷ்டம், தூக்கத்தை விழுங்கிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு லாபம். நல்லவனாக இருப்பதற்குக் கைக்காசு இழக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் நல்லவர்களாக இருப்பார்கள்? டிரைவர்களைத் திட்டுகிறவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவிடாமல் இடையில் அரை மணி நேர ஓய்வு என்று அப்போதே எழுதி வைத்தார்கள். ஐரோப்பியர்களுக்கு நாம் இதில் பிந்தியவர்கள் அல்ல. அவர்கள் கருவி பொருத்தினார்கள், நாம் புத்தகத்தில் வைத்துக்கொண்டோம். விளைவைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஜெர்மனியில் அதே ஆண்டில் இறந்தவர்கள் 2,788 பேர். தூக்கம் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஹெல்மெட், குடி, எதிர்த்திசை ஓட்டம், வளைவு, வெளிச்சம் என்று எத்தனையோ உண்டு. ஆனால் விடியற்காலையில் சாலையோரம் நின்ற லாரியின் பின்னால் இன்னொரு வண்டி மோதியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், மோதிய வண்டியில் பிரேக் நன்றாகவே இருந்திருக்கும், மிதிக்க வேண்டிய மனிதர்தான் விழித்திருக்கவில்லை என்று என் மனம் சொல்லும்.

பிரென்னரின் உச்சி சுமார் 1,370 மீட்டர் உயரம். அங்கிருந்து இரண்டு பக்கமும் நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் கீழ் கியரில் முனகிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது எனக்குத் தொப்பூர் கணவாய் ஞாபகம் வந்தது. தருமபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில் போன உயிர்கள் கொஞ்சமல்ல. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவதும் அங்கே பழைய வழக்கம். என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போய்விடுகிறது, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். இன்ஜினை அணைத்தால் கம்ப்ரஸரும் நின்றுபோகும், ஏர் டேங்கில் இருக்கும் காற்று மிதிக்க மிதிக்கத் தீரும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். எவ்வளவு நல்ல பிரேக்கை நாங்கள் செய்து கொடுத்தாலும் இந்த நிலையில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். மிச்சமாகும் அரை லிட்டர் டீசலுக்காக அந்தப் பாடத்தை விடக்கூடாது.

நம்மவர்களுக்கு நிற்கவே தெரியாது என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வரும். ஓசூரை அடுத்த சானமாவு காட்டுப் பக்கம் வந்து பாருங்கள். ராகி விளையும் காலத்தில் பன்னேருகட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இங்கே வருகின்றன. அவை நெடுஞ்சாலையைக் கடக்கும் நேரத்தில் வனத்துறையினர் இருபுறமும் வண்டிகளை நிறுத்துவார்கள். ஆறு வழிச் சாலையில் லாரி, பேருந்து, கார் எல்லாம் விளக்கைத் தணித்து, ஹாரன் அடிக்காமல் காத்திருக்கும். குட்டியும் தாயும் கடந்து முடியும் வரை பொறுமையாக நிற்கிறவர்கள் அதே தமிழ், கன்னட, தெலுங்கு டிரைவர்கள்தானே?

அந்தப் பொறுமை ஆம்புலன்சுக்கும் கிடைக்க வேண்டும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கியதுமே, சைரன் கேட்கும் முன்பே, இடது ஓரத் தடத்து வண்டிகள் இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஒரு பாதை விட்டுவிடுகின்றன. இல்லாவிட்டால் அபராதம். நம் நாட்டிலும் அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி அதில் இல்லை. அந்த 48 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை நெரிசலில் நாம் தின்றுவிட்டால் திட்டம் இருந்து என்ன பயன்?

ஓசூர் ஆலைகளில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை இரண்டாவது ஷிப்ட் முடித்து, குளித்து, பையை மாட்டிக்கொண்டு இரவோடு இரவாக மோட்டார் சைக்கிளில் சேலத்துக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் புறப்படுகிறீர்கள். அம்மா கையால் ஒருவேளைச் சாப்பாடு, திங்கள் காலையில் மறுபடியும் பஞ்ச். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது, நானும் வெளியூரிலிருந்து இங்கே பிழைக்க வந்தவன். ஆனால் எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் நின்ற உடம்பு உங்களிடம் தூக்கத்தைக் கடனாகக் கேட்கிறது. நடுராத்திரியில் தொப்பூர் இறக்கத்தில் அதைக் கொடுக்காதீர்கள். அறையில் தூங்கி எழுந்து விடிந்ததும் பேருந்தில் போங்கள். அம்மா நாலு மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பாள், குறை சொல்லமாட்டாள்.

ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கத்து ஆலை நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு சரக்கு கொண்டுவரும் டிரைவரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைக்கிறீர்கள். இறக்கி முடித்ததும் உடனே வண்டியை எடு என்கிறீர்கள். கேட்டுக்கு உள்ளே நாலு கட்டில், ஒரு மின்விசிறி, குளிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை கொண்ட அறை கட்டிக் கொடுங்கள். 2025ஆம் ஆண்டிலிருந்து புதிதாகச் செய்யும் லாரிகளின் கேபினில் ஏ.சி. இருந்தாக வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது, நல்ல காரியம். அந்த டிரைவர் படுக்க இடம் கொடுப்பது உங்கள் பொறுப்பு. சரக்கு வந்து சேர வேண்டிய நேரத்தைக் குறிக்கும்போது ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், அந்த நேரத்துக்கும் படி கொடுங்கள். வருகிற பட்ஜெட்டிலேயே இதைச் செய்யுங்கள்.