தேரைக்கு ஸ்டே ஆர்டர்

ஆபீஸ் வேலையாக ரீனோவில் பத்து நாள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தெருவுக்குத் தெரு சூதாட்ட விடுதி உள்ள ஊர். சனிக்கிழமை காலை, கூட வேலை பார்க்கும் இளைஞர் காரோடு வந்து நின்றார். "எங்கே சார் போகலாம்? கேஸினோவா, டாஹோ ஏரியா?"

"தேரை பார்க்கணும்."

"தேரா? இந்த ஊர்ல ஏது சார் தேரு?"

"தேர் இல்லைய்யா, தேரை! தவளைக்குப் பெரியப்பா பையன்."

பரிதாபமாகப் பார்த்தார். ஆனாலும் வண்டியை எடுத்தார். நல்ல பிள்ளை.

ரூட் 50-ல் கிழக்கே போகிறோம். 1986-ல் 'லைஃப்' பத்திரிகை இதை 'அமெரிக்காவின் மிகத் தனிமையான ரோடு' என்று கிண்டலடித்தது. நெவாடாக்காரர்கள் கோபப்படவில்லை. அதையே போர்டில் எழுதி மாட்டி டூரிஸ்டுகளை அழைத்தார்கள். வியாபாரம் என்றால் அது!

வழியில் ஃபாலன் என்ற ஊர். பாலைவனத்துக்கு நடுவே கடற்படை விமான தளம் வைத்திருக்கிறார்கள். 'டாப் கன்' படத்தில் வருகிற விமானிகள் பள்ளி, 1996-ல் கலிஃபோர்னியாவிலிருந்து இங்கேதான் குடிவந்தது. கொஞ்ச தூரத்தில் ஏறக்குறைய 600 அடி உயர மணல் மலை. அதையும் தாண்டி இடது பக்கம் திரும்பினால் டிக்ஸி பள்ளத்தாக்கு.

இங்கே ஒரு காலத்தில் குடும்பங்கள் இருந்தன. தலைக்கு மேல் ஜெட் விமானங்கள் வெடிச் சத்தத்தோடு பறக்க ஆரம்பித்தன. 1980-களில் கடற்படையே நிலங்களை விலைக்கு வாங்கியது. ஜனங்கள் போய்விட்டார்கள். காலி செய்யாமல் தங்கிவிட்ட உள்ளூர்வாசிகளில் ஒருவர்தான் நம்ம தேரை.

தார் ரோடு முடிந்து சரளை ரோடு. நெவாடாதான் அமெரிக்காவிலேயே வறண்ட மாநிலம். மேற்கே ஸ்டில்வாட்டர் மலைத்தொடர், நடுவில் வெள்ளை வெளேரென்று உப்புத் தரை. திடீரென்று, யாரோ பச்சை மையைக் கொட்டியது போல் கோரைப்புல். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் கசிந்து கசிந்து உண்டான சதுப்பு நிலம். ஓரத்தில் ஓடிய தண்ணீரில் விரல் வைத்தேன். குளிக்கிற சூடு!

இந்த ஈரம் மொத்தம் சுமார் 760 ஏக்கர். டிக்ஸி பள்ளத்தாக்குத் தேரைக்கு உலகத்தில் இருக்கிற ஒரே விலாசம் இதுதான். பனியுகத்தில் இந்தப் பக்கமெல்லாம் பெரிய பெரிய ஏரிகள். ஏரிகள் வற்ற, தேரைகள் ஈரம் மிச்சமிருந்த இடங்களில் மாட்டிக்கொண்டன. சுற்றிலும் உப்பும் மணலும். சொந்தக்காரர்களைப் பார்க்கப் போக வழியில்லை. தனியாகவே இருந்து தனி இனமாகிவிட்டது. 2017-ல்தான் ரீனோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 'இது வேறு ஜாதி' என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 50 வருஷத்தில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட முதல் புதிய தேரை இனம்.

மாலை மங்கும் வரை உட்கார்ந்தோம். நண்பர் கொட்டாவி விட்டார். அப்புறம் அவர்தான் முதலில் பார்த்தார். "சார், அதோ!"

இரண்டு அங்குலம் இருக்கும். ஆலிவ் பச்சை உடம்பில் தங்கப் பொடி தூவியது போல் புள்ளிகள். பெரிய கண்கள். உடம்புக்குக் குட்டையான பின்னங்கால்கள். எங்களைச் சட்டை செய்யவில்லை.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தெரியுமோ? அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தில் உட்கார்ந்தாலே தாகம் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் இங்கே கடும் குளிர். அப்போது வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து ஒண்டிக்கொள்ளும். வெந்நீர் ஊற்று இதற்குக் குடிதண்ணீர், கம்பளி, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம்.

அந்த வெந்நீர் மேல்தான் வழக்கு.

பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி இங்கே திட்டம் போட்டது. 60 மெகாவாட். 2021 நவம்பரில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறை அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே ஃபாலன் பையூட்-ஷோஷோனி பழங்குடியினரும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் கோர்ட்டுக்குப் போனார்கள். பழங்குடியினருக்கு இந்த ஊற்று புனிதத் தலம். 2022 ஜனவரியில் தேரைக்கு ஸ்டே கிடைத்தது. பிப்ரவரியில் மேல் கோர்ட் ஸ்டேயை நீக்கியது. வேலை ஆரம்பம். ஏப்ரலில் வனவிலங்குத் துறை, 'அழியும் ஆபத்தில் உள்ள இனம்' என்று அவசரப் பாதுகாப்பு கொடுத்தது. அவசரமாக இப்படிச் செய்தது 20 வருஷத்தில் இரண்டாவது தடவைதான். ஆகஸ்டில் வேலை நின்றது. டிசம்பரில் பாதுகாப்பு நிரந்தரமானது. நம்ம ஊர் சிவில் கேஸ் கெட்டது போங்கள்!

நண்பர் விடவில்லை. "சார், புகை இல்லாத கரண்ட். நிலக்கரி எரிச்சா உலகமே சூடாகும், அப்புறம் தேரை மட்டும் வாழுமா? எடுக்கற தண்ணியைத் திரும்ப பூமிக்குள்ளேயே விட்டுடறாங்களாமே?"

நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த வழக்கு கஷ்டம். இங்கே வில்லன் என்று யாரையும் காட்ட முடியவில்லை. ஆனால் நெவாடாவிலேயே ஜெர்சி பள்ளத்தாக்கில் 2011-ல் இதே மாதிரி மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. சில வருஷத்தில் பக்கத்திலிருந்த வெந்நீர் ஊற்று வற்றிவிட்டது. தண்ணீரை வேறு இடத்தில் உள்ளே விட்டால், பழைய வாசலிலேயே வெளியே வரும் என்று யாரால் உத்தரவாதம் தரமுடியும்?

"மின்நிலையத்தை வேறே பள்ளத்தாக்கிலே கட்டலாம். இதுக்கு வேறே பள்ளத்தாக்கு ஏது?" என்றேன். பதில் சொல்லவில்லை.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளப்பான் என்பாள் பாட்டி. அதே பாட்டி, தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால் 'தேரை மோந்துடுத்து' என்று பழியும் போடுவாள். பாவம், செய்யாத குற்றத்துக்கு எங்கே போனாலும் தேரைதான்.

கிளம்புமுன் ஷூவைத் தேய்த்துக் கழுவினோம். தேரைக் குலத்தையே கொல்லும் ஒரு பூஞ்சை, சேற்றில் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். நண்பர் என்னைவிட அழுத்தித் தேய்த்தார்.

ராத்திரி ரீனோ ஓட்டலில் வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டு சுகமாக நின்றேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவு தட்டும் சத்தம். நண்பர் குரல்:

"சார், தேரைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க!"