கீலும் கொண்டியும்

கீழவைப்பாரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கடலைப் பார்த்த சன்னலில் புதிதாய்ப் பூட்டிய தாழ்ப்பாள், சில ஆண்டுகளுக்குள் செதில் செதிலாய் உரிந்து, தொட்ட விரலில் செம்பொடியாய் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் சன்னல் மூடாது, கோடையில் திறக்காது. இவ்வூர்ப் பங்கு இல்லத்தில் தங்க வரும் குருக்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே. ஆயினும், ஒரு கொண்டியைத் தேர்ந்தெடுப்பது கடைக்காரரிடம் விட்டுவிடக்கூடிய அற்பக் காரியம் என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஒரு வண்டி வந்துதான் அந்த எண்ணத்தை மாற்றிற்று.

ஆகஸ்டு 15 திருவிழாவுக்காகக் காமநாயக்கன்பட்டிக்கு நடந்து செல்லும் வழக்கம் நம் மக்களிடம் உண்டு. கடற்கரையை விட்டுக் குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று கரிசல் காட்டின் ஊடே செல்லும் நடை அது. வீரமாமுனிவர் பணியாற்றிய அந்தப் பழம்பதியை ஒருமுறையேனும் நடந்தே அடைந்துவிட வேண்டும் என்பது இங்குள்ள முதியோர் பலரின் ஆசை. ஆனால் முழங்கால் ஆசைக்குக் கட்டுப்படுவதில்லை. பகலில் சற்றுப் படுக்கவும், பெண்கள் உடை மாற்றவும், இரவில் பனிக்கு ஒதுங்கவும் ஓர் இடம் இருந்தால் வருவோம் என்றார்கள். "வண்டி ஒன்று செய்வோம், சாமி" என்றார்கள் இளைஞர்கள்.

பழைய டிராக்டர் இழுவை ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. அதன்மேல் பத்தடி நீளம், ஆறடி அகலத்தில் ஓர் அறை எழும்பிற்று. நீர் தாங்கும் பிளைவுட் சுவர், வெளியே அலுமினியத் தகடு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு சன்னல்கள். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் பலகை, மேல்விளிம்பில் கீல். கீழிருந்து வெளிப்புறமாகத் தள்ளித் திறந்தால், தூறலிலும் சன்னல் தானே தனக்குக் குடையாக நிற்கும். ஓடும்போது உள்ளே ஒருவரும் இருக்கலாகாது என்பது முதல் விதி. இத்தகைய இழுவையில் ஆளேற்றிச் செல்வதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. தங்குமிடத்தில் நிறுத்தி இளைப்பாறுவதற்காகவே அது. "இளைப்பாறு வண்டி" என்றே பெயரும் அமைந்துவிட்டது.

எல்லாம் முடிந்து சன்னல் கொண்டியில் வந்து வேலை நின்றது. வண்டிக்குப் பகைவர் மூவர்: கரையில் உப்புக்காற்று, கரிசலில் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் மழை. மூன்றையும் தடுக்கும் கொண்டி எது?

முதலில் உலோகம். சாதாரண இரும்பு இங்கு ஆகாது. நாகம் பூசிய இரும்பும், பூச்சு கீறப்பட்ட இடத்தில் தோற்றுவிடுகிறது. "எஸ்.எஸ்." என்று கடையில் தரப்படுவதெல்லாம் ஒரே சரக்கன்று. 202 என்னும் மலிவு வகை கடற்கரையில் விரைவில் துருப்புள்ளி காட்டும். 304 அதைவிட மேல். ஆயினும் உப்பு அதையும் புள்ளி புள்ளியாய் அரிக்கும். 316 வகையில் மாலிப்டினம் என்னும் உலோகம் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு கலந்திருப்பதால் உப்பை நெடுங்காலம் தாங்கும். விலையும் அதற்கேற்ப உயரும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல சரக்கு என்று நம்புவோர் உண்டு. 202 வகையிலும் காந்தம் ஒட்டாது என்பதை அவர்கள் அறியார். இன்னுமொரு நுட்பம்: அலுமினியத் தகட்டில் பித்தளையையோ எஃகையோ நேரடியாக முடுக்கினால், உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியமே அரிக்கப்பட்டு வெண்பொடியாய் உதிரும். இடையே நைலான் வளையம் ஒன்று வைத்தால் போதும். மாறுபட்ட இருவரை நெருக்கி வைக்கும்போது நடுவில் சற்று இடம் விடவேண்டும் என்பது குடும்பங்களுக்கும் தெரிந்த செய்திதானே.

அடுத்து வடிவம். நாதாங்கியில் போடும் கொக்கி சன்னலைப் பிடித்து நிறுத்துமேயன்றி இழுத்து அழுத்தாது. குண்டும் குழியுமான பாதையில் தாளம் போடும். நீள் தாழ்ப்பாளும் அவ்வாறே. அடைப்பு என்பது தாழ்ப்பாளின் வேலையன்று. சட்டத்தைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டையின் வேலை. அந்த ரப்பரைச் சீராக அழுத்தித் தருவதே கொண்டியின் கடமை. ஆகவே, டிபன் கேரியரிலும் படகின் ஐஸ் பெட்டியிலும் இருப்பதுபோன்ற கொண்டியைத் தேர்ந்தோம். வளையத்தை மாட்டி நெம்புகோலைச் சாய்த்தால், ஓர் எல்லையைத் தாண்டியதும் 'டக்'கென்று இழுத்து இறுகிக்கொள்ளும் வகை அது. சாலை அதிர்ச்சிக்குத் தானாகத் திறவாது.

நம் பங்கைச் சேர்ந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர் சுண்ணக்கட்டியுடன் வந்தார். கப்பலின் சரக்கறை மூடியைச் சோதிக்கும் முறை அது. ரப்பர் படியும் சட்டத்தின் விளிம்பில் சுண்ணத்தைத் தேய்த்து, மூடித் திறந்து பார்க்க வேண்டும். ரப்பரில் வெள்ளைக்கோடு விடாமல் விழுந்திருந்தால் அடைப்பு சரி. கோடு அறுந்த இடத்தில் நீர் புகும். நடுவில் ஒரே கொண்டி போட்டிருந்த சன்னலில் இரு மூலைகளிலும் கோடு அறுந்திருந்தது. சன்னலுக்கு இரண்டு கொண்டி, ஓரத்திலிருந்து கால் பங்கு தள்ளி ஒவ்வொன்றாக என்று முடிவாயிற்று. "ரொம்ப முறுக்காதீங்க, சாமி" என்று எச்சரித்தார் அவர். நசுங்கிய ரப்பர் மீளாதாம். கப்பலில் மூடியின் பாரம் இரும்பின்மேல் இரும்பாக இறங்கும். ரப்பர் தன் அளவுக்கு மட்டுமே அமுங்கும். அதன்படி சிறு தாங்குகட்டைகள் வைத்து, பத்து மில்லிமீட்டர் பட்டை ஏழு மில்லிமீட்டருக்கு மேல் அமுங்காதபடி செய்தோம்.

இவ்வேலைகளையெல்லாம் செய்தவர் ஊரின் முதிய ஓடாவி. வள்ளம் கட்டிப் பழகிய கை. அவர் ஒருநாள் சட்டத்தின் மூட்டுகளில் கருநிறக் குழம்பு பூசிக்கொண்டிருந்தார். "என்ன அது?" என்று கேட்டோம். "கீல், சாமி" என்றார். சற்றுக் கழித்துச் சன்னலின் மேல்விளிம்பைக் காட்டி, "அந்தக் கீலுக்கு எண்ணெய் விடணும்" என்றார். நமக்கு வியப்பாயிருந்தது. பலகையின் இடுக்கை அடைக்கும் தாரும் கீல். பலகையைத் திறக்கவிடும் மூட்டும் கீல். அடைப்பதற்கும் திறப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அன்று அதை ஒரு சொல்நயமாக மட்டுமே இரசித்தோம். அதன் பொருளைப் பின்னர்தான் கற்றோம். சற்றுக் கடுமையான முறையில்.

2022 ஆகஸ்டில் வண்டி புறப்பட்டது. திருட்டுக்கும் குலுக்கலுக்கும் அஞ்சிக் கொண்டிகளை வெளிப்புறமே பூட்டியிருந்தோம். கதவுக்கும் வெளியே ஒரு தாழ். இது நாமே வலியுறுத்திச் செய்வித்தது. இரண்டாம் நாள் நண்பகல், எட்டயபுரத்துக்கு அப்பால் ஒரு புளியமரத் தோப்பருகே நிறுத்தினோம். மர நிழல் வண்டிக்கு எட்டவில்லை. எழுபது கடந்த ஒரு பாட்டியார் உள்ளே படுத்துக் கண்ணயர்ந்தார். திடீரென்று சூறைக்காற்று எழுந்து கரிசல் புழுதியை வாரி இறைத்தது. இளைஞர்கள் ஓடிவந்து எட்டுக் கொண்டிகளையும் 'டக், டக்' என்று சாய்த்தார்கள். உள்ளே ஆள் இல்லை என்றெண்ணிய ஒருவர் கதவையும் தாழிட்டார். பிறகு எல்லாரும் உணவுக்கு அமர்ந்தோம்.

வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அரைமணி நேரத்தில் வெளியைவிட 15 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் கூடிவிடும் என்று படித்திருக்கிறோம். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போன ஒரு சிறுமிதான் சுவரில் யாரோ தட்டும் ஒலியைக் கேட்டாள். திறந்தபோது பாட்டியார் தரையில் சாய்ந்து கிடந்தார். சேலை முழுதும் வியர்வை; உதடு உலர்ந்து, சொல் எழவில்லை. நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஈரத்துணி போர்த்தி விசிறி, நினைவு தெளிந்தபின் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாய்க் கொடுத்து, அருகிலிருந்த மருத்துவரிடம் காட்டினோம். மாலையில் எழுந்து உட்கார்ந்தார். நாம் அருகே சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் மெல்லச் சிரித்தார். "வண்டி நல்லாத்தான் அடைச்சிருக்கு, சாமி. தொறக்கத்தான் உள்ள ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை. சுண்ணக்கோடு எங்கே அறுகிறது என்று முழந்தாளிட்டுப் பார்த்தோமே, உள்ளே இருப்பவரின் கை எங்கே இருக்கும் என்று ஒருமுறையேனும் பார்த்தோமா?

ஊர் திரும்பியதும் நடந்ததை ஒரு முதியவரிடம் சொன்னோம். சங்கு குளித்தவர், அவர் தந்தை முத்துக்குளித்தவர். வைப்பாறு பரதவரின் ஏழூர்களுள் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவர் சிறுவர். அவர் சொன்னார்: "மூச்ச அடைக்கிறது குளிக்கிறவன் பொறுப்பு, சாமி. மேல தூக்குறது கயிறு பிடிக்கிறவன் பொறுப்பு. ஆனா எப்பத் தூக்கணும்னு சொல்றது யாரு? கீழ இருக்கிறவன்தான். அவன் ஒரு இழுப்பு இழுத்தா மேல தெரியணும். பாட்டி கையில நீங்க என்ன கயிறு குடுத்தீங்க?"

குருமடத்தில் பல்லாண்டு படித்த நமக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

மறுபடியும் தொடங்கினோம். இம்முறை கடைக்குப் போகுமுன், ஒரு பலகையில் நான்கு வகைக் கொண்டிகளைப் பூட்டிப் பங்கு இல்லத் திண்ணையில் வைத்தோம். ஞாயிறு பூசை முடிந்து வரும் முதியோர் ஒவ்வொருவரையும் திறந்து பார்க்கச் சொன்னோம். ஐஸ் பெட்டிக் கொண்டியை மூட்டுவாதக் கைகளால் நெம்ப முடியவில்லை. திருகிக் கழற்றும் குமிழ் விரலுக்குப் பிடிபடவில்லை. நாலங்குல நீளப் பிடியுள்ள ஒன்றே எல்லாருக்கும் இசைந்தது. கால் சுற்றுத் திருப்பினால் அதன் நாக்கு சட்டத்திலுள்ள சரிவுக் கட்டையின்மேல் ஏறிச் சன்னலை உள்நோக்கி இழுக்கும். விரலால் பிடிக்கவே வேண்டாம். உள்ளங்கையால் தள்ளினால் போதும். ஓடாவி தேக்குத் துண்டுகளில் சரிவுக் கட்டைகளைச் செதுக்கித் தந்தார். பிடிகள் யாவும் உட்புறம். கதவின் தாழும் உள்ளிருந்து திறக்கும்படி மாறிற்று. யாரும் மூடுமுன் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாம் விதியாயிற்று. பாட்டியாரின் கையே கடைசிச் சோதனை. அவர் இடக்கையால் திறந்தார், மீண்டும் மூடினார், தலையசைத்தார்.

புழுதிக்கும் ஒரு வழி தெரிந்தது. முந்தைய நடையில், அத்தனை இறுக்கியும் பாய்கள்மேல் மென்புழுதி படிந்திருந்தது. ஓடும் பெட்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியே அது உள்ளிருக்கும் காற்றை இழுக்க, வேறு இடுக்குகளில் புழுதி புகுகிறது. எல்லா இடுக்கையும் அடைப்பது மனிதரால் ஆகாது. மாறாக, முன்புறம் உயரத்தில் வலைத்துணி வைத்த ஒரு காற்றுவழியைத் திறந்துவிட்டால், ஓட்டத்தில் நல்ல காற்று உட்புகுந்து அறையை நிரப்பி, இடுக்குகளில் வெளியே தள்ளுகிறது. புழுதி உள்ளே வர இடமில்லை. 2023 ஆகஸ்டு நடையில் அவ்வாறே செய்தோம். பாய்கள் பெரிதும் தூய்மையாய் இருந்தன. நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டதைப் படித்திருக்கிறோம். அதே பேழையில் புறா சென்று திரும்ப ஒரு சன்னலும் இருந்தது என்பதை எத்தனை முறை கவனித்திருப்போம்?

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை எவரும் மறக்க மாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் ஊரிலும் தாழ்ந்த தெருவில் நீர் ஏறி, மக்கள் கோயிலில் வந்து தங்கினார்கள். கூட்டத்தின் நடுவே கைக்குழந்தையோடு ஒரு தாய் இடமின்றித் தவித்தாள். கோயிலை ஒட்டி மேட்டில் நின்ற வண்டியில் அவளைத் தங்கவைத்தோம். துணைக்கு யார் என்று கேட்குமுன்பே அந்தப் பாட்டியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மீண்டும் அதே அறைக்குள் அவரை அனுப்ப நமக்கு மனம் ஒப்பவில்லை. அவரோ திரும்பிப் பாராமல் ஏறிப் போனார்.

இரவெல்லாம் தகட்டுக் கூரையில் மழை அறைந்தது. விடிந்ததும் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தோம். குழந்தை உறங்கிற்று. காற்றுக்கு மறைவான பக்கத்துச் சன்னல் மட்டும் இரண்டு விரற்கடை திறந்திருந்தது.

"நனைந்தீர்களா, பாட்டி?" என்று கேட்டோம்.

"ஒரு சொட்டு இல்ல, சாமி" என்றார் அவர். "ராத்திரி ரெண்டு மூணு தடவ எழுந்து பாத்தேன்."

"தண்ணீர் வருகிறதா என்றா?"

"இல்ல சாமி. தொறக்குதான்னு."