சின்னது வேற, சுருக்கினது வேற

மருத்துவம் எழுதுற இடத்துல இன்னைக்கு ஒரு பழைய படகு எஞ்சின் பற்றி நீண்ட இழை. கடைசியில் பச்சைக்குழந்தைகள்கிட்ட வந்துடுவேன், பொறுமையா வாங்க.

1/ கனடாவின் கிழக்குக் கரை. நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் துடுப்பையும் பாயையும் நம்பியே கடலுக்குப் போனவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் படகுகளுக்கு 'மேக் அண்ட் பிரேக்' எஞ்சின் வந்தது. ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பிரிட்ஜ்வாட்டரில் 1908ல் தொடங்கிய அகேடியா நிறுவனமும், லூனன்பர்க் ஃபவுண்டரியும் இதற்குப் பெயர்போனவை.

2/ இதுல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு முனைகள் தொட்டு விலகும். விலகுற நொடியில் பொறி பறக்கும். உயர் மின்னழுத்தம் தேவையில்லை என்பதால் உப்புத்தண்ணி தெறிக்கும் படகுக்குத் தோதானது.

3/ ரிவர்ஸ் கியரும் கிடையாது. இக்னிஷனை அணைச்சு, சக்கரம் நிற்கப்போற நேரத்துல மறுபடி போடணும். பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்னாடியே வெடிச்சு, எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்த ஆரம்பிக்கும். பழகின கைக்கு மட்டுமே வரும் வித்தை.

4/ இதோட கால் அளவு மாதிரியைத்தான் ஓய்வு நாட்களில் வரைந்து, வார்த்துக்கிட்டிருக்கேன். "எல்லா அளவையும் நாலால வகுத்தா முடிஞ்சுதே?" என்று நண்பர்கள் கேட்பாங்க. அங்கேதான் விஷயமே இருக்கு.

5/ அசலில் 8 மி.மீ. இருக்கும் சிலிண்டர் சுவர், மாதிரியில் 2 மி.மீ. ஆகும். மண் அச்சுக்குள் ஊற்றும் இரும்பு அவ்வளவு மெல்லிய இடைவெளியில் ஓடி நிறைவதற்குள் உறைந்துவிடும். அதனால் சுவரை 4 மி.மீ. ஆக வரைந்தேன். வெளியே அசல் மாதிரி, உள்ளே வேற கணக்கு.

6/ உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமார் 1%, அலுமினியம் சுமார் 1.3%. 100 மி.மீ. அலுமினிய அடிப்பாகம் வேணும்னா பேட்டர்ன் 101.3 மி.மீ. இருக்கணும். பேட்டர்ன் செய்பவர்களிடம் இதற்கென்றே கோடுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் உண்டு.

7/ அடுத்து ஃப்ளைவீல். கால் அளவில் எடை 64ல் ஒரு பங்கு. ஆனா அதே வேகத்தில் சுழலும்போது அது சேமிக்கும் ஆற்றல் 1024ல் ஒரு பங்குதான்! அடுத்த வெடிப்பு வரை தாக்குப்பிடிக்க, குட்டி எஞ்சின் வேகமா ஓடியாகணும். அசலின் நிதானமான 'டுக்... டுக்...' சத்தம் வேணும்னா சக்கரத்தின் விளிம்பைத் தடிமனாக்கணும்.

8/ கடைசியா சூடு. கன அளவு 64ல் ஒரு பங்கு, ஆனா மேற்பரப்பு 16ல் ஒரு பங்கு. அதாவது உள்ளே இருக்கும் அளவுக்கு, வெளியே தெரியும் பரப்பு 4 மடங்கு. சூடு அவ்வளவு சீக்கிரம் வெளியே போயிடும்.

9/ இப்போ குழந்தைக்கு வருவோம். 3 கிலோ பச்சைக்குழந்தை, 60 கிலோ ஆளின் சுருக்கின வடிவம் இல்லை. ஒரு கிலோவுக்கான தோல் பரப்பு பெரியவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு. நமக்கு இதமா இருக்கும் மின்விசிறிக் காற்று, அதுக்குக் குளிர்.

10/ "டாக்டர், நெஞ்சு இவ்ளோ வேகமா அடிக்குதே" என்று பயப்படாதவங்க குறைவு. பிறந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 120 முதல் 160 இயல்பு. குட்டி இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தைப் பெரிசா கூட்ட முடியாது. வேகத்தில்தான் ஈடுகட்டும்.

11/ அதனால்தான் பிறந்ததும் துடைச்சு, தலையை மூடி, அம்மாவின் நெஞ்சோடு தோலோடு தோலாகப் படுக்க வைக்கிறோம். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்றோம். எடை குறைவான குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். "எங்க காலத்துல உடனே குளிப்பாட்டினோமே" என்று வீட்டுப் பெரியவங்க சொன்னா, இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

12/ குழந்தையின் வயிறும் பாதமும் சில்லுனு இருந்து, பாலும் சரியா குடிக்கலைன்னா, நெஞ்சோடு அணைச்சபடியே உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. காலையில பார்த்துக்கலாம்னு இருக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. எஞ்சின் பற்றியும் கேட்கலாம் 🙂