பெரம்பலூர் டு அரியலூர்: அஞ்சே அஞ்சு செக்கப்!

திருச்சியில சென்னை பஸ் ஏறினா சுமார் ஒரு மணி நேரத்துல பெரம்பலூர். அங்கிருந்து அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் மக்காச்சோளம், பருத்தி. ஊர் நெருங்க நெருங்க சிமென்ட் லாரிகள். 'என்னப்பா பார்க்கலாம்?'னு கேட்டா சாத்தனூர் கல்மரம், ரஞ்சன்குடிக் கோட்டை, கங்கைகொண்ட சோழபுரம்னு அடுக்குவாங்க. நாம இந்தத் தடவை போறது கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி பக்கம்!

1956... ரெண்டு கதை

அரியலூர்னதும் பெரியவங்களுக்கு ஞாபகம் வர்றது 1956 நவம்பர் ரயில் விபத்து. மருதையாறு வெள்ளம், பெரும் உயிர்ச்சேதம், ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரியின் ராஜினாமா.

அதே வருஷம் சென்னை சேத்துப்பட்டில் சத்தமில்லாம ஒரு ஆராய்ச்சி மையம் உருவாச்சு. அப்போ காசநோய் வந்தா சானடோரியத்துல மாசக்கணக்கா படுக்கணும். ஆனா, படுக்கைகள் கொஞ்சம்தான். 193 ஏழை நோயாளிகள்ல ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவங்களுக்கு வீட்டிலும், ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தாங்க. 1959-ல் வந்த ரிசல்ட்? ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடலை. வீட்டிலிருந்தே சிகிச்சைங்கிற வழிக்கு உலகமே மாற, இது முக்கியக் காரணம்.

வீடு எல்லோருக்கும் போதுமா?

இங்கேதான் ட்விஸ்ட். மருந்து இலவசமா கிடைச்சும் சிலர் இறந்தாங்க, அதுவும் சிகிச்சையின் ஆரம்ப மாதங்கள்லயே. கையில மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பினவங்கள்ல, உடனே அட்மிட் ஆக வேண்டியவங்க யார்?

சென்னையில உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழக சுகாதாரத் துறையும் கைகோத்து, 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கினாங்க. சென்னை தவிர்த்து மற்ற மாவட்டங்கள்ல ஆரம்பிச்சதால, பெரம்பலூர், அரியலூரும் அதுல சேர்த்தி. நோய் உறுதியானதும் அஞ்சு விஷயம் பார்க்கணும்: உயரத்துக்கேத்த எடை, கால் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்துல ஆக்சிஜன், பிடிமானம் இல்லாம நிக்க முடியுதா? லேப் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். எடை மெஷின், கடிகாரம், விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் போதும். டாக்டர்தான் பார்க்கணும்னுகூட இல்லை, பயிற்சி பெற்ற ஊழியரே பார்க்கலாம். ஆபத்துன்னு தெரிஞ்சா உடனே அட்மிஷன், சத்துணவோட சிகிச்சை.

'எல்லாரையும் படுக்க வைக்க வேண்டாம்'னு சொன்னது முதல் ஆராய்ச்சி. 'சிலரைக் கட்டாயம் படுக்க வையுங்க'ன்னு சொல்லுது ரெண்டாவது.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததும் அதே 2022-ல்தான், ஜனவரியில. அடுத்த நல்ல கேள்வியை அங்கே வெள்ளைக் கோட்டு மாட்டுற ஒரு ஸ்டூடண்ட்கூட கேட்கலாம்!

ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? மாலை நேரக் காய்ச்சல், எடை குறையுதா? கிண்டல் வேண்டாம் ஃப்ரெண்ட்ஸ். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைச்சிட்டுப் போங்க. சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்துல சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு (2024 நவம்பர் வரை இது 500). பஸ் டிக்கெட் காசு மட்டும் நம்ம செலவு!