அந்தரத்தில் ஐந்து நிமிடம்

ரிமோட் ஹெலிகாப்டரைக் கையில் வாங்கும் யாருக்கும் முதலில் வரும் ஆசை, அதை உயரே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கண் உயரத்தில் ஒரே இடத்தில் அதை நிறுத்தி வைக்கப் போராடிக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தில் ஹோவரிங் என்கிறார்கள். நம் ஊர் வழக்கில் அந்தரத்தில் நிற்பது. தேன்சிட்டு பூவின் முன்னால் நொடிப்பொழுது செய்யும் வித்தை. மனிதன் செய்தால் சட்டை நனைந்துவிடும்.

நான் சித்தூரில் இண்டர் மாணவர்களுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். கரும்பலகையில் சமநிலை என்ற பாடத்துக்கு இரண்டு படம் போடுவேன். ஒன்று சட்டிக்குள் கோலிக்குண்டு. இன்னொன்று கவிழ்த்த சட்டியின் மேல் கோலிக்குண்டு. ஹெலிகாப்டர் இரண்டாவது ரகம். லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே நழுவிப் போகும். தானாகத் திரும்பி வராது. எதிர்ப்பக்கம் குச்சியை அசைத்தால் நிற்கும் என்று நினைப்பீர்கள். நிற்காது, அந்தப் பக்கம் நழுவ ஆரம்பிக்கும். ஆகவே கொடுத்த திருத்தத்தை அடுத்த கணமே திரும்ப எடுக்க வேண்டும். கொடுப்பதும் எடுப்பதுமாக விரல்கள் ஓயாமல் வேலை செய்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அது சும்மா நிற்பதாகத் தெரியும்.

அதுவும் நேராக நிற்பதில்லை. மேல் விசிறி கடிகாரச் சுற்றில் சுழல்வதால் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வால் விசிறி. அது வாலைத் தள்ளும்போது மொத்த ஹெலிகாப்டரும் இடப்பக்கம் நகரப் பார்க்கும். ஆகவே இயந்திரம் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தபடிதான் நிற்கும். புதியவர்கள் அதை நிமிர்த்திவிடத் துடிப்பார்கள். பள்ளியில் கோணலாக நிற்கும் பையனை நிமிர்த்தும் டிரில் மாஸ்டர் புத்தி!

ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் நம்பிப் பறக்கவிடக்கூடிய மாதிரி ஹெலிகாப்டரை உருவாக்கிக் காட்டினார். அந்தக் காலத்தில் வாலைக்கூட மனித விரல்தான் காக்க வேண்டும். இப்போது கைரோ என்ற சின்னக் கருவி அதைப் பார்த்துக்கொள்கிறது. நாலு விசிறி டிரோன்களோ செயற்கைக்கோளைக் கேட்டு, குச்சியை விட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அக்கா மகனின் நண்பன் ஒருவன் என்னிடம் கேட்டே விட்டான்: “அங்கிள், டிரோன் தானா நிக்குது. இதுக்கு எதுக்கு இவ்ளோ தலைவலி?” நியாயமான கேள்வி. டிரோன் வாங்கினால் படம் எடுக்கலாம். இதில் அதைக் காற்றில் நிறுத்துவதுதான் வேலையே.

அக்கா இருப்பது திருப்பதியில். அவள் மகனுக்குப் பதினாறு வயது. சென்னை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழுவுக்கு 2018-ல் நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததும், அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றதும் அவனுக்கு மனப்பாடம். அஜித் சினிமாவுக்கு வெளியே ரிமோட் விமானங்களில் கைதேர்ந்தவர் என்பது ஊரறிந்த விஷயம். பையன் என்னுடைய பழைய ஹெலிகாப்டரைக் கேட்டான். நான் தயார். அக்கா தயாரில்லை.

அவளுக்குக் காரணம் உண்டு. சித்தூர்ப் பக்கம் வெல்லத்துக்குப் பேர்போனது. அத்தான் வாலிபத்தில் கரும்பு ஆலை வைத்திருந்தவர். ஆடும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொழிலையே விட்டு வந்தவர். சுழல்கிற எதைப் பார்த்தாலும் அக்கா மிக்ஸியைக்கூட இரண்டு தடவை அணைப்பாள்.

அவள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எழுநூறு, எண்ணூறு கிராம்தான் எடை. ஆனால் எழுபது சென்டிமீட்டர் அகலச் சுற்று நிமிடத்துக்கு 2,600 தடவை சுழன்றால், பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் வரும். பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், இதைவிடப் பெரிய மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றின் பிளேடு தாக்கி, அதைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞரே இறந்தார். இதையும் அக்காவிடம் சொன்னேன். பையன் என்னை முறைத்தான்.

“சரிடா. அஞ்சு நிமிஷம், என் கண் முன்னால, அசையாம நிறுத்திக் காட்டட்டும். இல்லேன்னா அந்தச் சனியனை வித்துடு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்குள் சித்தூரிலிருந்து பைக்கில் கிளம்புவேன். சந்திரகிரிப் பக்கம், ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு வெகு தூரத்தில், அறுவடை முடிந்த ஒரு வெற்று நிலம். இடம் பார்த்ததில் யோசனை உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி எங்கெங்கே அனுமதி வேண்டும் என்று 2021-ன் டிரோன் விதிகள் வகுத்திருக்கின்றன. திருமலைப் பக்கம் நினைத்தே பார்க்கக் கூடாது. 2023 ஜனவரியில் கோயிலின் வான்காட்சி என்று ஒரு வீடியோ பரவி எவ்வளவு பெரிய ரகளை ஆனது! ஒருமுறை ஒரு கான்ஸ்டபிள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். “ஏமி சார், டிரோனா?” கேமரா இல்லை என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன். கடைசியில் கால் மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

போகிற வழியில் காதங்கி வரும். அங்கே இருப்பது தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம். 1,024 ஆன்டெனாக்களை வைத்துப் பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளக்கிறார்கள். எனக்குக் கவலையெல்லாம் ஆறடி உயரத்துக் காற்று. வெயில் ஏறினால் தரை சூடாகிக் காற்று குதிக்க ஆரம்பிக்கும். எட்டு மணிக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும்.

முதல் இரண்டு மாதம் பையனுக்குக் கம்ப்யூட்டரில்தான் பயிற்சி. ரேடியோவை வயரில் இணைத்து, திரையில் எத்தனை உடைத்தாலும் காசில்லை. பிறகு நிலத்தில். ஹெலிகாப்டரின் காலில் இரண்டு மெல்லிய குச்சிகளைப் பெருக்கல் குறிபோலக் கட்டி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்து. அது கவிழாமல் காப்பாற்றும். பத்தடிக்குக் குறைந்து நெருங்கக் கூடாது. முதுகு நம் பக்கம், மூக்கு எதிர்ப்பக்கம். கண் மூக்கின் மேல். வாலைப் பார்த்தால் குழம்பிவிடும்.

பயந்தவர்கள் தரையை ஒட்டி அரை அடியில் நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கேதான் தொல்லை. விசிறி தள்ளும் காற்று தரையில் மோதிச் சிதறி, இயந்திரத்தைப் பந்துபோல உருட்டும். விசிறியின் அகலத்துக்கு மேல் எழும்பிவிட்டால் சாந்தமாகிவிடும். “மாமா, மேல போனா உடைஞ்சிடுமே?” என்றான். மேலேதான் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது என்று புரிய அவனுக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று.

முதுகு காட்டி நிற்கப் பழகியபின் பக்கவாட்டில். கடைசியாக, மூக்கு நம்மைப் பார்த்து. அதுதான் பரீட்சை. வலது என்பது இடதாகிவிடும். பத்து வாரப் பழக்கம் ஒரு நொடியில் எதிரியாகும். என் மாணவர்களில் பல்பொடி மாதிரி மணிமணியாகப் பாடம் ஒப்பிப்பவனும் கேள்வியைத் தலைகீழாகப் போட்டால் விழிப்பான், அதே விழி. இதற்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரே வழி: எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. சாயும் சுவருக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி. இடது, வலது என்று யோசிக்கவே யோசிக்காதே.

தை பிறந்து, பொங்கல் கழிந்த ஞாயிறன்று அக்கா வந்தாள். அத்தானும் வந்தார், வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். பையன் பிளேடின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ரேடியோவை முதலில் போட்டான், பிறகு பேட்டரியை. பதினைந்தடி பின்னால் நடந்தான்.

எழுந்தது. முதுகு காட்டி ஒரு நிமிடம். வலப்பக்கம் திருப்பி ஒரு நிமிடம். மெதுவாக மூக்கை எங்கள் பக்கம் கொண்டுவந்தான். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். மூன்று நிமிடம் தாண்டியிருக்கும். வரப்பு வழியாக ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் சத்தம் கேட்டு ஓடி வந்தான், இன்னும் ஐம்பது அடி இருக்கும். பையன் என்னைக் கேட்கவில்லை. ஹெலிகாப்டரை நேரே கீழே இறக்கினான், விசிறியை நிறுத்தினான், அது முழுக்க நிற்கும்வரை குச்சியிலிருந்து விரலை எடுக்கவில்லை. பிறகுதான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். முகம் செத்துப்போயிருந்தது. பந்தயம் ஐந்து நிமிடம்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து அத்தான் இறங்கி வந்தார். ஆட்டுக்காரச் சிறுவனை மூன்று விரல் கையால் தோளைப் பிடித்து அழைத்துவந்து, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“இன்னொரு பேட்டரி இருக்கில்ல?” என்றாள் அக்கா. “போடு.”