ஒரு மதிப்பெண் கேள்விக்குள் ஒரு மனிதர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கேளம்பாக்கம் பக்கம் சாயங்காலமானால் விளக்கு போட்ட டர்ஃப் மைதானங்களில் பிள்ளைகள் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துப் பந்து ஆடுகிறார்கள். முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே. நம் ஆள் யார் என்று கேட்டால் சுனில் சேத்ரி என்பார்கள். அவருக்கு முன்னால்? அங்கே மௌனம்தான்.

பொது அறிவுப் பாடத்தில் ஒரு கேள்வி உண்டு. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய உயர்ந்த இடம் எது? விடை: நான்காம் இடம், மெல்போர்ன், 1956. ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள் நெவில் டிசூசா என்று ஒரு மனிதர் இருக்கிறார்.

1932இல் கோவாவின் அசகாவ் கிராமத்தில் பிறந்தவர். ஆட்டம் வளர்ந்தது பம்பாயில், டாடா, கால்டெக்ஸ் அணிகளில். கோவா இந்தியாவோடு சேர்ந்தது 1961இல். அதாவது, பிறந்த மண் இன்னும் போர்ச்சுகீசியர் கையில் இருந்தபோதே இவர் இந்தியாவுக்காகப் பந்தை உதைத்தார்.

அதற்கு முன் நம் நிலைமை என்ன? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1952 ஹெல்சின்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றோம். அதன்பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

நான்கே ஆண்டுகள் கழித்து, ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் பயிற்சியில், சமர் பானர்ஜி தலைமையில் மெல்போர்ன் போனார்கள். ஹங்கேரி விலகியதால் முதல் சுற்று ஆடாமலே கடந்தது. 1956 டிசம்பர் 1. காலிறுதியில் எதிரே ஆஸ்திரேலியா, அவர்கள் ஊரிலேயே. இந்தியா 4–2 என்று வென்றது. மூன்று கோல் நெவில் அடித்தார், ஒன்று கிட்டு அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் நெவில். அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆசிய அணி நம் அணி.

அரையிறுதியில் மறுபடியும் அதே யுகோஸ்லாவியா. இடைவேளை வரை யாருக்கும் கோல் இல்லை. 52ஆம் நிமிடம் நெவில் கோல் அடித்தார். பத்து கோல் வாங்கிய அணியிடம் இப்போது நாம் முன்னிலை! அது இரண்டு மூன்று நிமிடம்தான் நிலைத்தது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் மூன்று கோல் விழுந்தன. முடிவு 1–4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3. ஆனாலும் அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்த மூவரில் ஒருவர் நெவில். நான்கு கோல்.

நான்காம் இடத்துக்குப் பதக்கம் கிடையாது. அர்ஜுனா விருது தொடங்கியது 1961இல். ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய பி.கே. பானர்ஜி, பலராம், சுனி கோஸ்வாமி, நம் மெட்ராஸ் ரெஜிமென்ட் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் எல்லாரும் பெற்றார்கள், தகுதியோடுதான். நெவில் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. 1980இல், 47 வயதில் போய்விட்டார். பயிற்சியாளர் ரஹீமைப் பற்றி 2024இல் ‘மைதான்’ என்று இந்திப் படம் வந்தது. அதற்கே அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஜெயித்தவர்களை மட்டும் பாடத்தில் வைத்தால், பதக்கம் இல்லாத உழைப்புக்கு மதிப்பில்லை என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவுகட்டிவிடுவார்கள். 1–10இலிருந்து நான்கு வருஷத்தில் முன்னிலைக்கு வந்தது எப்படி என்பதுதான் பாடம். அது இரண்டு நிமிட முன்னிலையாக இருந்தாலும் பரவாயில்லை.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, அந்தக் கேள்வியைக் கேட்கும்போது இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள்: அந்தக் காலிறுதியில் மூன்று கோல் அடித்தவர் யார்? அதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள்.