ஆவுளியா உழுத சால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் என் கண் தேடியது மனோராவைத்தான். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். எதற்காகக் கட்டினாரோ, எங்கள் ஆட்களுக்கு அது கடலுக்குள்ளிருந்து கரை பார்க்கும் அடையாளம். 22 வருடம் கழித்து வருகிறேன். மனோரா இருந்தது, அதைச் சுற்றி நான் பார்த்து வளர்ந்த தென்னைகளில் பாதி இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போனது. புதுக்கன்றுகள் இப்போதுதான் ஆளுயரம் தாண்டியிருக்கின்றன.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மகன் செல்போனை என்னிடம் நீட்டினான். ஃபைபர் படகின் ஓரத்தில் வலைக்குள் சாம்பல் நிறத்தில் பெரிய முதுகு ஒன்று புரள்கிறது. நாலு கைகள் வலையைப் பிடித்துத் தூக்குகின்றன, ஒரு கத்தி இழைகளை அறுக்கிறது. மூக்கு தண்ணீருக்கு மேலே வந்து ஒரு மூச்சு வாங்குகிறது. அடுத்த நொடி அது போய்விட்டது.

“ஆவுளியா சித்தப்பா. வலை போனா போவுதுன்னு அறுத்துட்டோம்.”

நான் போனைத் திருப்பிக் கொடுக்காமல் அந்த மூச்சையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் கடல் பசு என்று எழுதுகிறார்கள். எங்கள் கரையில் அது ஆவுளியாதான். நான் அதைக் கடைசியாகப் பார்த்தது 1987-ல். அப்போது எனக்குப் பத்து வயது. அதை மணலில் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி ஊர் கூறு வாங்கிப் போனது. எங்கள் வீட்டிலும் குழம்பு வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்திருந்தது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வருடத்து வறுமைக்கு அது எவ்வளவு தூரம் காதில் விழுந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது இது. ஆவுளியா மீனில்லை, யானைக்குத் தூரத்து உறவு. கடற்புல் மேய்ந்தே வாழ்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் மாட்டிக் கீழேயே கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். வயிற்றில் ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், அடுத்த குட்டிக்கு மூன்று வருடமாவது ஆகும், ஏழு வருடம்கூட ஆகலாம். இந்தியக் கடல் முழுவதிலும் இருப்பது சுமார் 240 என்று 2022-ல் அரசு சொன்னது. அவற்றில் பெரும்பகுதி இந்தப் பாக் விரிகுடாவில். அன்று மணலில் நாங்கள் வெட்டியது எத்தனை வருடத்துப் பிறப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். கோடு போட்டுவிட்டார்கள், சரி. ஆனால் கலங்கிய கடலில் எப்போதாவது மூக்கை மட்டும் நீட்டும் ஒரு பிராணியை எந்த அதிகாரி உட்கார்ந்து எண்ணுவார்? தினமும் கடலில் கிடக்கிறவன்தான் சொல்ல வேண்டும். டேராடூனிலிருந்து வந்த இந்திய வனவுயிர் நிறுவனத்தார் மீனவர்களிடம் கேட்டதும் அதைத்தான்: எங்கே பார்த்தாய், எப்போது, தனியாகவா, குட்டியோடா. வலையை அறுத்து விட்டவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் பாராட்டும் கொடுத்திருக்கிறது. அறுத்த வலையின் விலை தெரிந்தவன் எவனும் இதைப் பணத்துக்காகச் செய்ததாகச் சொல்ல மாட்டான்.

பார்த்ததைச் சொல்வது ஒரு கரையையே காப்பாற்றும் என்று நான் கற்றது சிங்கப்பூரில். நான் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்புதான், 2001-ல், புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையை மண் கொட்டி நிரப்பும் திட்டம் நின்றது. ஆர்வலர்களும் பொதுமக்களும் வற்றுநேரத்தில் இறங்கிப் பார்த்து, இன்னின்ன உயிர் இங்கே இருக்கிறது என்று எடுத்துக் காட்டியதால் அரசு தள்ளிவைத்தது. அங்கே கடற்புல் அளக்கப் போகும் தொண்டர்களோடு நானும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கிறேன். புல்வெளிக்கு நடுவே வெறுமையாக ஒரு பாதை வளைந்து போவதைக் காட்டி, கடல் பசு மேய்ந்த தடம் என்றார்கள். எனக்குப் புதுச் செய்தி.

அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “ஆவுளியா உழுத சால்தானே? தண்ணி தெளிஞ்சா படகுலேர்ந்தே தெரியும் தம்பி. அப்பாவுக்கு அத வச்சுத்தான் அது மேயுற எடம் தெரியும்.”

வேட்டைக்குப் பயன்பட்ட கண்ணும் அறிவும்தான் இப்போது காவலுக்கு வந்திருக்கின்றன. இந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. வலையில் மாட்டியதை விட்டால் படம் இருக்கிறது, பாராட்டு இருக்கிறது. இழுவலை தரையோடு அரித்துக்கொண்டு போகும் புல்லுக்கு யார் படம் எடுக்கிறார்கள்? விடுவிக்கப்பட்ட ஆவுளியா மேய இடம் வேண்டாமா? சால் தெரிந்த இடங்களையும், முன்பு தெரிந்து இப்போது காணாமல் போன இடங்களையும் பதிய வேண்டும் என்றேன்.

அண்ணன் மகன் ஒரு நோட்டை எடுத்து வந்தான். “அப்ப ஒங்கள்லேர்ந்தே ஆரம்பிப்போம் சித்தப்பா. 87-ல தாத்தா புடிச்சது எந்த எடத்துல?”

அண்ணன் அன்று பேராவூரணியில் மாமா வீட்டில் இருந்தார். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு படகில் இருந்தவன் நான். அப்பாவும் போய்விட்டார். எனக்கு மட்டுமே தெரிந்த இடம் அது. விடியற்காலையில் வலையைத் தூக்கும்போது, மனோரா உச்சியும் கரையில் நின்ற ரெட்டைத் தென்னையும் ஒரே கோட்டில் வருவதை அப்பா என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். இரண்டரை பாகம் ஆழம். அடியில் புல் அடர்த்தி. சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். தென்னை என்றதும் பேனா நின்றது. அது கஜாவில் விழுந்துவிட்டதாம்.

“நின்ன எடம் எனக்குத் தெரியும்” என்று அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சை எடுத்தார்.